ஈரக்கோடு இல்லாத வீடு

சித்திரை மாதம் பதினோராம் நாள் காலையில், வடிவாய்க்காலில் கொக்கு கால் நனைக்கக்கூடத் தண்ணீர் இல்லாமல் சேறு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த நேரத்தில், கோரைத்திட்டு கிராமத்து வீட்டுச் சுவர்களிலெல்லாம் வெள்ளம் வந்து வடிந்த கோடு விழுந்திருந்தது. வெள்ளம் இனிமேல்தான் வரவேண்டியிருந்தது.

முதலில் பார்த்தவள் தையல்நாயகி. ஊரிலேயே தாழ்வான பள்ளத்தெருவில் கடைசி வீடு அவளுடையது. வாசல் தெளிக்க வந்தவள், தன் நெஞ்சு உயரத்துக்குச் சுவரில் ஒரு கோடு ஈரமாக ஓடுவதைக் கண்டு விரலால் தொட்டு மோந்து பார்த்தாள். நாலு வருஷத்துக்கு முன்னால் அவளுடைய இரண்டு ஆடுகளையும் ஏழு மூட்டை விதைநெல்லையும் மகள் இலக்கியாவின் பள்ளிக்கூடச் சான்றிதழ்களையும் கொண்டுபோன தண்ணீரின் அதே வாடை. "வரப்போவுது போலருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, மிச்ச வாசலையும் தெளித்து முடித்து, கோலத்தைப் போட்டுவிட்டு உள்ளே போய் உலையை வைத்தாள்.

ஊரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டது. முதல் வாரம் எல்லோரும் சுண்ணாம்பை வாங்கிக் கோட்டின் மேல் அடித்துப் பார்த்தார்கள். மூன்று பூச்சு பூசியும் மறுநாளே ஈரம் மேலே வந்துவிட்டது. இரண்டாம் வாரம் பூசுவதை நிறுத்தினார்கள். மூன்றாம் வாரம் மின்சார வேலை செய்கிறவனைக் கூப்பிட்டு சுவிட்சுப் பெட்டிகளைக் கோட்டுக்கு மேலே ஏற்றி வைத்தார்கள். டீக்கடைக்காரர் அடுப்பை உயர்த்திக் கட்டிக்கொண்டு, படியில் ஏறி நின்று டீ ஆற்றினார். பல்லிகள் கோட்டுக்குக் கீழே இறங்குவதை விட்டுவிட்டன. பெண் பார்க்க வந்தவர்கள் நகை நட்டைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால், "உங்க வீட்ல கோடு எவ்வளவு ஒசரம்?" என்று கேட்டார்கள், முழங்காலுக்குக் கீழே என்றால் முகம் மலர்ந்தார்கள், இடுப்புக்கு மேலே என்றால் காபியை மட்டும் குடித்துவிட்டு அப்புறம் சொல்லி அனுப்புவதாகப் போனார்கள். பெண்கள் வெள்ளிக்கிழமை தோறும் கோட்டுக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்தார்கள். பஞ்சாயத்துத் தலைவி ரேணுகாவின் வீட்டில் கோடு அவளுடைய மாமனார் படத்தின் கழுத்துக்கு நேராக ஓடியதால், அவளுக்குப் பதிலாக எல்லா இடத்திலும் பேசுகிற அவள் புருஷன் கலியமூர்த்தி, அப்பாவை ஒரு முழம் தூக்கி மாட்டினான்.

கொத்தனார் சிங்காரவேலு மட்டும்தான் ஆராய்ச்சி செய்தவர். நீளமான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீரை ஊற்றி, வீடு வீடாக, தெரு தெருவாக மட்டம் பார்த்துக்கொண்டே போனார். பள்ளத்தெருவில் நெஞ்சளவு, நடுத்தெருவில் இடுப்பளவு, கோயில் பக்கம் முழங்காலளவு என்று வேறு வேறாகத் தெரிந்ததெல்லாம் ஒரே மட்டம்தான், ஒரு நூல் பிசகில்லை என்று கண்டுபிடித்தார். கடைசியாக அவர் வந்து சேர்ந்த இடம் ஊரின் மேற்கு ஓரத்தில், வடிவாய்க்கால் வளைந்து திரும்புகிற முனையில் இருந்த உத்திராபதியின் வீடு. பெரிய ஓட்டு வீடு. அந்த வீட்டில் கோடு இல்லை.

சிங்காரவேலு குழாயைச் சுவரில் பிடித்துப் பார்த்தார், மறுபடி போய்ப் பிடித்துப் பார்த்தார். "கணக்குப்படி இங்க சன்னலுக்குக் கீழ வரணுமேண்ணே" என்றார். "இந்த எடம் ஒண்ணும் மேடு இல்லியே. வராம எப்புடி?"

உத்திராபதிக்கு ஐம்பத்து மூன்று வயது. வெயிலில் நின்றுகொண்டிருந்தவருக்குக் காதுமடல் இரண்டும் சுட்டன.

ஏன் வரவில்லை என்பதை ஊரே கண்டுபிடித்துச் சொன்னது. நாலு வருஷத்துக்கு முன்னால் கரை உடைந்து ஊருக்குள் தண்ணீர் புகுந்தபோது, காய்ந்த தரை இருந்த ஒரே வீடு உத்திராபதியின் வீடுதான். அறுபது எழுபது பேர் அங்கே போய் ஒண்டினார்கள். மூன்று நாள் அவரும் அவர் மனைவி அரசி என்கிற மங்கையர்க்கரசியும் அண்டா அண்டாவாகப் பொங்கிப் போட்டார்கள். குழந்தைகளுக்குப் பால் காய்ச்சிக் கொடுத்தார்கள். தங்கள் கட்டிலில் பிள்ளைத்தாய்ச்சிகளைப் படுக்க வைத்துவிட்டு மாட்டுக் கொட்டகையில் படுத்தார்கள். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் கலியமூர்த்தி உத்திராபதிக்குப் பொன்னாடை போர்த்தினான். அப்படிப்பட்ட வீட்டுச் சுவரில் ஏற எந்தத் தண்ணீருக்கு மனசு வரும்? "தருமம் பண்ண வூடு, தண்ணிக்கே தெரிஞ்சிருக்கு" என்றாள் தையல்நாயகி. அதற்கு மேல் ஊரில் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

உத்திராபதிக்குத்தான் வேறு விளக்கம் தெரியும். அந்த வருஷம் கரை உடையவில்லை. அவர் வெட்டினார்.

கோரைத்திட்டில் வெள்ளம் வருகிற வழி ஒன்றுதான். கொள்ளிடத்தில் தண்ணீர் கரை முட்ட ஓடும்போது வடிவாய்க்கால் அதில் போய் விழ முடியாமல் திரும்பி எதிர்த்து ஏறும். ஏறி, வளைவில் முட்டி, உத்திராபதியின் வீட்டையும் அவருடைய வயலையும் முழுங்கும். ஊருக்குள் கணுக்கால் அளவுதான் வரும். அவர் தாத்தா காலத்திலிருந்து அதுதான் நடந்தது, அதற்காகவே அந்தக் குடும்பம் பரண் பெரிதாகக் கட்டி வைத்திருந்தது. ஆனால் வளைவுக்குக் கீழே, ஒதியமரத்துக்குப் பக்கத்தில் கரையை வெட்டிவிட்டால் தண்ணீர் ஊருக்குள் இறங்கிவிடும், வளைவு வடிந்துவிடும். அந்த வருஷம் அவர் வயலில் கதிர் பால் பிடித்திருந்தது. வீட்டில் மகளின் கல்யாணத்துக்காக வாங்கி அடுக்கிய சாமான்கள் இருந்தன. ஊர் மொத்தமும் மழைக்குக் கதவைச் சாத்திக்கொண்டிருந்த ஒரு மத்தியானத்தில் அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார். கொஞ்ச நேர வேலை; மிச்சத்தைத் தண்ணீர் பார்த்துக்கொண்டது. அடுத்த மூன்று நாளும் ஊருக்குச் சோறு போட்டது தருமத்தினால் அல்ல. கையைச் சும்மா வைத்துக்கொண்டு அந்த முகங்களைப் பார்க்க முடியாததினால்.

இப்போது சுவர் காய்ந்து கிடந்தது. கோடு இல்லையென்றால் இந்த வீட்டுக்குத் தண்ணீர் வரப்போவதில்லை. இந்த வீட்டுக்கு வராமல் ஊருக்குள் நெஞ்சளவு போகிறதென்றால் கரை வெட்டப்படப் போகிறது. கரையை வெட்டத் தெரிந்த ஆள் ஊரில் ஒருவர்தான். தான் இன்னும் செய்யாத, செய்யவே கூடாது என்று நினைத்துக்கொண்டிருந்த காரியத்தைத் தன் வீட்டுச் சுவர் தனக்கு முன்னாலேயே தெரிந்து வைத்திருப்பதை நினைத்து நினைத்து உத்திராபதி கூனிக் குறுகிப் போனார்.

வைகாசியில் தாலுகா ஆபீசிலிருந்து பேரிடர்ப் பயிற்சி கொடுக்க ஒரு அம்மா வந்தார். கண்ணாடி போட்ட, நல்ல மனசுக்காரர். படம் போட்ட அட்டைகளை மாட்டி, டார்ச் லைட், தீப்பெட்டி, குளோரின் மாத்திரை, அவல், பொட்டுக்கடலை, மருந்துச் சீட்டு, இதெல்லாம் ஒரே பையில் எப்போதும் தயாராக இருக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். படிவத்தில் 'எதிர்பார்க்கப்படும் நீர்மட்டம்' என்ற இடம் வந்தபோது பேனாவை மூடிவிட்டு, "இது உங்க சுவத்துலயே இருக்கு, நான் வேற கேக்கணுமா? எந்த ஊர்லயும் எனக்கு இவ்வளவு வேலை மிச்சமானதில்ல" என்றார். பிறகு, முக்கியமான காகிதங்கள், விதைநெல், நடக்க முடியாதவர்கள், இந்த மூன்றையும் தண்ணீர் ஏறாத ஓரிடத்துக்கு முன்கூட்டியே கொண்டுபோக வேண்டும், அப்படி ஓர் இடம் இருக்கிறதா என்று கேட்டார்.

ஊர் மொத்தமும் திரும்பி உத்திராபதியைப் பார்த்தது.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் எழுந்தார். எழுந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். சம்மதம் சொல்ல எழுந்ததாக நினைத்துக்கொண்டார்கள். அந்த அம்மா படிவத்தில் அவர் பெயரை எழுதி, கீழே கோடு போட்டார். உத்திராபதி கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகு தன் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது அவருக்கு.

மறுநாளிலிருந்து சாமான்கள் வர ஆரம்பித்தன. நிலப் பத்திரங்கள், ரேஷன் கார்டுகள், சாதிச் சான்றிதழ்கள், கல்யாண ஆல்பங்கள் பாலிதீன் பையில் போட்டு நூல் கட்டி, பெயர் எழுதி வந்தன. விதைநெல் மூட்டைகள் வந்தன. தையல் மெஷின்கள், மிக்சிகள், செத்துப்போனவர்களின் படங்கள், பித்தளைக் குத்துவிளக்குகள், இன்னும் பெயர் வைக்காத குழந்தைக்குச் சேர்த்து வைத்த வெள்ளி அரைஞாண், எல்லாம் வந்தன. ஆனியில் கூடம் நிறைந்தது, ஆடியில் அறைகள் நிறைந்தன, ஆவணியில் அரசி அடுப்பங்கரைக்குப் போகப் பக்கவாட்டில் நடக்க வேண்டியிருந்தது. தந்தவர்கள் யாரும் பூட்டுப் போட்டுத் தரவில்லை. "உங்க வூட்டுல பூட்டு எதுக்குண்ணே" என்றார்கள். அந்த ஒரு வார்த்தையை ஒவ்வொருவரும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஆவணி மாதத்தில் ஒரு காலை உத்திராபதி வாய்க்காலில் சேறு அள்ளிக் கரைத்து, துடைப்பத்தைத் தோய்த்து, தன் வீட்டு முன்சுவரில் சன்னலுக்குக் கீழே, சிங்காரவேலு காட்டிய இடத்தில், ஒரு கோடு இழுத்தார். உண்மையைச் சொல்லுகிற தைரியம்தான் இல்லை; பொய்யாகவாவது ஒரு கோடு இருந்தால் ஊர் பயந்துபோய்ச் சாமான்களை எடுத்துக்கொண்டு போய்விடும் என்பது அவருடைய யோசனை. இழுத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார். ஊரில் மூன்று பூச்சுச் சுண்ணாம்பு போட்டும் மறையாத ஈரம், இங்கே அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்து, வெளுத்து, பொடியாக உதிர்ந்து விழுந்தது. சுவர் துடைத்து வைத்த மாதிரி நின்றது.

கையில் துடைப்பத்தோடு நின்றவரை அரசி கதவோரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சேத்த அள்ளிப் பூசுனா சரியாப் போயிடுமா?" என்றாள்.

"என்ன சொல்ற?"

"அன்னைக்கு நீங்க கழட்டிப் போட்ட வேட்டிய யாரு தொவைச்சா? அந்தக் கரை மண்ணு செம்மண்ணுங்க. நம்ம கொல்லையில ஏது செம்மண்ணு?"

நாலு வருஷமாக ஒரே பாயில் படுத்து எழுந்தவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. "தெரிஞ்சா ஏன் கேக்கல?" என்றார்.

"கேட்டா சொல்லணுமே. சொன்னா நானும் ஊருக்குச் சொல்லணுமே. எனக்கு மட்டும் வெக்கம் இல்லியா? அந்தப் பொன்னாடைய அவன் ஒங்களுக்குப் போத்துறப்ப நானும் பக்கத்துல சிரிச்சிக்கிட்டுத்தான் நின்னேன்." சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இப்பவாவது சொல்லிப்புடுங்க. மழை வர்றதுக்குள்ள சொல்லிப்புடுங்க."

சொல்லிவிடுவதாகத்தான் இருந்தார். புரட்டாசியில் கோயில் வாசலில் சொல்லப்போனார். ஊர் சார்பாக அவருக்குத்தான் முதல் மரியாதை என்று தேங்காயைக் கையில் கொடுத்துவிட்டார்கள். டீக்கடையில் சொல்லப்போனார்; அவர் தலையைக் கண்டதும் பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து இடம் விட்டார்கள். சரி, தையல்நாயகியிடம் தனியாகச் சொல்லலாம் என்று பள்ளத்தெரு வரைக்கும் நடந்தே போனார். சான்றிதழ் இல்லாமல் ஒரு வருஷம் வீணாகி, அலைந்து திரிந்து நகல் வாங்கி, இப்போதுதான் நர்சிங் முடித்து வேலைக்கு மனுப் போட்டிருந்த இலக்கியா வாசலுக்கு ஓடிவந்து, "வாங்க மாமா, உங்க வீட்ல என் சர்டிபிகேட் இருக்கறதுனாலதான் அம்மா தூங்குது" என்று சொல்லி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். மோர் குடித்துவிட்டுத் திரும்பி வந்தார். சொல்லாமல் போன ஒவ்வொரு நாளும், அதற்கு முந்தின நாளே சொல்லியிருந்தால் எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார். இப்படியே ஐப்பசி பிறந்துவிட்டது.

ஐப்பசி பிறந்த ஆறாம் நாள் பிடித்த மழை விடவில்லை. காற்றே இல்லாத, நேர் குத்தாக இறங்குகிற மழை. பத்தாம் நாள் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வந்து, மேலே அணையெல்லாம் நிரம்பிவிட்டது, கொள்ளிடத்தில் மறுநாள் மத்தியானத்துக்குள் வெள்ளம் வந்துவிடும் என்று சொல்லிப் போனார்கள். கோரைத்திட்டு பதறவில்லை. ஆறு மாதமாகத் தெரிந்த விஷயம். நடக்கக் கூடியவர்கள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூட மாடிக்குப் போனார்கள். படுக்கையில் கிடந்த கிழவர் இரண்டு பேர், கால் ஒடிந்து கட்டுப் போட்டிருந்த ஒருத்தி, எட்டு மாதக் கர்ப்பிணிகள் மூன்று பேர், நடக்க மாட்டாத இன்னும் மூன்று பேர், ஆக ஒன்பது பேரைக் கட்டிலோடும் நாற்காலியோடும் தூக்கிக்கொண்டு வந்து உத்திராபதியின் கூடத்தில் மூட்டைகளுக்கு நடுவே படுக்க வைத்தார்கள். வெறும் வீடுகள் மட்டும் கோட்டைக் காட்டிக்கொண்டு காத்திருந்தன. தாலுகா ஆபீஸ் அம்மா போனில் கேட்டுக்கொண்டு, மாவட்டத்திலேயே இப்படித் தயாரான ஊர் வேறு கிடையாது என்று சொன்னதாகக் கலியமூர்த்தி எல்லோரிடமும் சொன்னான்.

பதினோராம் நாள் மத்தியானம் வடிவாய்க்கால் திரும்பி ஏறத் தொடங்கியது. கரையைப் பார்த்துக்கொள்ளத் தங்கிய இருபது முப்பது பேர் வளைவில் நின்றார்கள். பள்ளிக்கூடம் போகிற பாதையிலும், வளைவிலிருந்து ஊருக்குள் போகிற தாழ்வான பாதையிலும் அதற்குள் இடுப்பளவு ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் உத்திராபதியின் வைக்கோல் போரை நனைத்து, கொல்லை வேலிக்குள் வந்து, பின்வாசலின் முதல் படியைத் தொட்டது. ஊர்க்காரர்கள் யாரும் கவலைப்படவில்லை. அந்த வீட்டுக்கு வராது என்பது தெரிந்ததுதானே. வந்த தண்ணீர் தானே திரும்பிப் போய்விடும் என்று பீடி பற்ற வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் இரண்டாம் படிக்கு வந்தது. உள்ளேயிருந்து ஒரு கர்ப்பிணிப் பெண் அரசியைக் கூப்பிட்டு, தரை சில்லென்று இருக்கிறதே என்று சொன்னது வெளியே கேட்டது.

உத்திராபதி முடிவு செய்துதான் வைத்திருந்தார். இந்தத் தடவை வெட்டுவதில்லை. சுவர் என்ன சொன்னாலும் சரி, வீடும் வயலும் மொத்தமாகப் போனாலும் சரி. ஆறு மாதமாக அவரைத் தூக்கி நிறுத்தியது இந்த ஒரு முடிவுதான். தையல்நாயகியின் பக்கத்தில் போய் நின்றார்.

"தையலு" என்றார். "அந்த வருசம் கரை தானா ஒடையல. நாந்தான் வெட்டுனேன்."

மழைச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. "என்னண்ணே? உரக்கச் சொல்லுங்க" என்றாள்.

அவளுக்குக் கேட்கும்படி சொல்ல வேண்டுமானால் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டியிருந்தது. கத்தினார். "நாந்தான் வெட்டுனேன்! ஒதியமரத்துக்கிட்ட! என் வூடு முழுவாம இருக்க ஊருக்குள்ள தண்ணிய வுட்டது நாந்தான்!"

பீடிகள் வாயிலிருந்து இறங்கின. உத்திராபதி கண்ணை மூடிக்கொண்டார். யாராவது அடிப்பார்கள் என்று காத்திருந்தார். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தார். யாரும் அடிக்கவில்லை.

"அதான் கணக்கு ஒதைச்சிச்சி" என்றார் சிங்காரவேலு, தனக்குள் பேசுகிறவர் போல.

"பொன்னாடைய நாந்தானய்யா போத்துனேன்" என்றான் கலியமூர்த்தி. கோபத்தைவிட அவமானம்தான் அதில் அதிகம் இருந்தது.

தையல்நாயகி அவரைப் பார்த்தாள். "மூணு நாளு உங்க வூட்டுச் சோறு தின்னேனேண்ணே" என்றாள்.

உத்திராபதி கைகளைக் கூப்பிக்கொண்டு, தான் மனசுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்து வைத்திருந்ததை அவசர அவசரமாகச் சொன்னார். "இந்தத் தடவ வெட்ட மாட்டேன். என் வூடு போவட்டும், அதுதான் நியாயம். உங்க வூட்டுக்கெல்லாம் கணுக்கால் தண்ணிதான் வரும், ஒண்ணும் ஆவாது. அவங்கவங்க சாமான அவங்கவங்க வூட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுங்க. இப்பவே போயிடுங்க."

சொல்லி முடித்தபோது நெஞ்சு லேசானது மாதிரி இருந்தது அவருக்கு. நாலு வருஷத்தில் முதல் தடவையாக நிமிர்ந்து நின்றார். ஆனால் யாரும் நகரவில்லை. அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், பிறகு அவருடைய வீட்டைப் பார்த்தார்கள்.

பேசியது இலக்கியா. பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்த்துக்கொள்வதற்காகத் தங்கியிருந்தவள் அவள். "எப்படி மாமா எடுத்துட்டுப் போறது?" என்றாள். "உள்ள நூத்துப்பத்து வீட்டு சாமான் இருக்கு. தூக்க ஆள் முப்பது பேரு. தண்ணி வாசப்படியில நிக்குது. ஒன்பது பேர் படுத்துருக்காங்க. அதுல ஒருத்திக்குக் காலையிலேருந்து வலி இருக்கு. அவங்கள எந்தப் பக்கம் மாமா தூக்கிட்டுப் போவ?"

உத்திராபதி பாதையில் ஓடுகிற தண்ணீரைத் திரும்பிப் பார்த்தார்.

"இதச் சித்திரையில சொல்லிருந்தா" என்றாள் தையல்நாயகி, "நாங்க எங்க வூட்டுலயே பரண் கட்டிருப்போம். சித்திரைகூட வேண்டாம், ஆவணியில சொல்லிருந்தாக்கூடப் போதும். நேத்து சொல்லிருந்தாக்கூட அந்த ஒம்பது பேரயும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிருப்போம். இப்ப வந்து சொல்றீங்களே."

தண்ணீர் மூன்றாம் படிக்கு ஏறியது. உள்ளே அரசி மூட்டைகளைக் கட்டில் மேல் தூக்கி வைக்கிற சத்தம் கேட்டது.

"எங்க வூட்டுல இப்ப என்ன இருக்கு?" தையல்நாயகி மற்றவர்களைப் பார்த்துக் கேட்டாள். "செவுருதான இருக்கு. கோடும் போட்டு வச்சிருக்கு." யாரும் மறுத்துப் பேசவில்லை. அவள் உத்திராபதியின் பக்கம் திரும்பினாள். "வெட்டுங்கண்ணே."

அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது ஓரடி பின்வாங்கினார். "என்னால முடியாது தையலு. கால்ல விழறேன். வேற யாராச்சும்..."

"வேற யாருக்குய்யா தெரியும்?" என்றான் கலியமூர்த்தி. "எந்த எடத்துல வெட்டுனா எந்தப் பக்கம் போவும்னு உனக்குத்தான் தெரியும். எங்களுக்குக் கரையக் கட்டத்தான் தெரியும்."

யாரோ போய் அவருடைய கொட்டகையிலிருந்து மண்வெட்டியை எடுத்து வந்தார்கள். அதை அவர் கையில் கொடுத்தபோது முகத்தைப் பார்த்துக் கொடுக்கவில்லை. ஒதியமரம் வரைக்கும் கரைமேல் அவர் முன்னால் நடக்க, ஊர் பின்னால் வரிசையாக நடந்தது. சாமி புறப்பாட்டுக்குப் போகிறவர்கள் போலப் பேச்சில்லாமல் நடந்தது. போன தடவை ஒளிந்து ஒளிந்து வந்த தூரம், இப்போது நடக்க நடக்கத் தீரவில்லை. இடம் மறந்துபோயிருக்கும் என்று ஆசைப்பட்டார். மறக்கவில்லை. கால் தானாக அங்கே போய் நின்றது.

எல்லோரும் சுற்றி நின்றார்கள். தன் வீட்டை மூழ்கடிக்கப் போகிற வெட்டை ஒவ்வொருவரும் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது போல நின்றார்கள். ஆனால் அவர் மண்வெட்டியை ஓங்கிய நேரத்தில் எல்லோருமே தலையைக் குனிந்துகொண்டார்கள். அவரைப் பார்க்க அவர்களுக்கும் கூச்சமாக இருந்தது. முதல் வெட்டு விழுந்தது. சிவந்த மண் புரண்டது. மழை கண்ணை மறைத்தது. வழிந்தது மழையா கண்ணீரா என்று அவருக்கே தெரியவில்லை, துடைக்கவும் கை ஒழியவில்லை. இரண்டாவது வெட்டுக்குக் குனிந்தபோது மழை நின்றுவிட்டது மாதிரி இருந்தது. நிமிர்ந்து பார்த்தார். சுற்றிலும் கொட்டிக்கொண்டுதான் இருந்தது. தையல்நாயகி பக்கத்தில் வந்து நின்று, தான் நனைந்துகொண்டு, தன் குடையை அவர் தலைக்கு மேல் பிடித்திருந்தாள்.

"வேணாம் தையலு" என்றார். "வேணாம், தள்ளிப் போ. நான் நனையறேன்."

"நனைஞ்சி நீங்க காய்ச்சல்ல படுத்துட்டா எப்புடி?" என்றாள் அவள். குரலில் குத்தல் இல்லை, இருந்திருந்தால் தாங்கியிருப்பார். "ஒம்பது பேரு உள்ள கெடக்காங்க. மூணு நாளு அவங்களுக்குச் சோறு போடணும்ல. வெட்டுங்க."

அவர் வெட்டினார்.